குளத்து நோட்டின் முதல் பக்கம்

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாமனார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தாராபுரம் பக்கம் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த ஊர்க் குளத்துக்கும் ஆள் சேர்த்துவிட்டாய். நம் ஊரில் செய்கிற மாதிரியே வாரத்துக்கு ஒரு முறை கரையைச் சுற்றித் தண்ணீரைப் பார்க்கிறீர்கள், செடி கொடி எதுவும் புதிதாக வந்திருக்கிறதா என்று தேடுகிறீர்கள் என்று படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அஞ்சாவதோடு நின்றவள் பெற்ற பிள்ளை, போன இடத்தில் நாலு பேரைக் கூட்டி நல்லது செய்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கவில்லை.

அந்தக் கடைசிப் பத்திக்குத்தான் இந்தப் பதில். உங்கள் குளத்து மீன் குத்தகையைக் கேட்டு ராக்கியப்பன் என்று ஒருவர் வந்திருக்கிறார், பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம் என்கிறார், நம் குளத்தைக் கெடுத்துவிட்டு ஓடிப்போன ராக்கியப்பன் இவர்தானா என்று கேட்டிருந்தாய். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அவரேதான். அமாவாசையன்று ஊர்க்கூட்டம், அதற்குள் நம் குளத்து நோட்டைக் கொடுத்தனுப்பு, முதல் பக்கத்தைக் காட்டினாலே போதும், அந்த ஆளுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் குத்தகை கொடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது பொய். தெரிந்தே அதை எழுதியவள் நான். உன் குளத்துக்கும் அவர் பிழைப்புக்கும் நடுவில் இப்போது இருப்பது என் கையெழுத்து ஒன்றுதான். எப்படி என்று முழுவதும் சொல்கிறேன். நிதானமாகப் படி. உன் சம்சாரத்துக்கும் வாசித்துக் காட்டு, மறைக்க வேண்டாம்.

நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தபோது போத்தனூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உன் அத்தை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். அவள் வீட்டுப் பின்பக்கம் சிமெண்டுத் தொட்டியில் ஒரு செடி இருந்தது. மண்ணே இல்லாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காம்பும் நடுவில் வெங்காயம் போல உப்பியிருக்கும், அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். நடுவிலிருந்து ஊதாப் பூங்கொத்து. மேல் இதழில் மட்டும் மயிலிறகின் கண் மாதிரி மஞ்சளாக ஒரு பொட்டு. அப்படி ஒரு பூவை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. "மேஸ்திரி ஊட்டம்மா குடுத்தாங்க நங்கையா. மண்ணும் வேண்டாம், எருவும் வேண்டாம். அது பாட்டுக்குப் பூக்கும், நீங்களும் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றாள் உன் அத்தை. ஒரு செடியைத் தூக்குப்போசியில் தண்ணீரோடு போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நீ வழியெல்லாம் "பாயசமாம்மா?" என்று மூடியைத் திறக்கப் பார்த்தாய். கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

வீட்டுப் பின்பக்கப் பொடக்காளியில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி இரண்டு இருந்தன. அதில் ஒன்றில் விட்டேன். உன் ஆத்தா, அதாவது என் மாமியார், முதலில் முனகினார். "மாடு குடிக்கிற தொட்டியில பூச்செடியாக்கும்? மாட்டுக்கும் ஒரு கொத்து வெச்சுடு, கல்யாணத்துக்குப் போகட்டும்" என்றார். பூ வந்ததும் அவரும் தினம் காலையில் போய்ப் பார்த்தார். அந்தச் செடி விதை போட்டு வளர்கிற மாதிரி தெரியவில்லை. பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டும், தண்டு முனையில் ஒரு குட்டிச் செடி, அது ஒரு தண்டை நீட்டும். கார்த்திகையில் நாலு இருந்தது, மார்கழி பாதியில் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டது. மாட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி முழுவதும் விடியலில் வாசலில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்துத் தலையில் பூசணிப்பூச் செருகுவோம். காய்ந்த பிள்ளையாரை எல்லாம் சேர்த்து வைத்திருந்து, பொங்கல் கழிந்து பூநோம்பியன்று பெண்டுபிள்ளைகள் கூடையில் எடுத்துப் போய்க் குளத்தில் விடுவோம். விட்டதும் அது முங்கிக் கரைந்துவிடும். அந்த வருஷம் எனக்கு ஒரு ஆசை வந்தது. என் பிள்ளையார் மட்டும் முங்காமல் மிதந்து போக வேண்டும் என்று. தொட்டியிலிருந்து பூவோடு நல்லதாக ஐந்தாறு செடியை எடுத்துக் கூடைக்குள் அடியில் வைத்து, மேலே பிள்ளையார்களை அடுக்கினேன். கூடையைத் தூக்கியவள் தெய்வானை. நம் தோட்டத்துப் பண்ணையத்து ஆளுக்கு வாக்கப்பட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தாள். மற்றவர்கள் கும்மியடித்து முடித்துக் கரையேறிப் போகும் வரைக்கும் நின்றுவிட்டு, நானும் உன் ஆத்தாவும் தெய்வானையும் மட்டும் படித்துறையில் இறங்கினோம். ஒவ்வொரு செடியின் நடுவிலும் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துத் தள்ளிவிட்டேன். வரிசையாக மிதந்து போனது. தெய்வானை கைகொட்டிச் சிரித்தாள். "ஐயோ, பிள்ளையாரு பரிசலேறிப் போறாருங்கோ! பரிசல் கூலிய ஆருங்க குடுக்கறது?" என்றாள். உன் ஆத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ராக்கியப்பன் அப்போது நம் குளத்து மீன் குத்தகைக்காரர். ஒற்றைப் பரிசல், இரண்டு வலை. மீன்குஞ்சைத் தண்ணீரோடு தகர டின்னில் வரவழைத்துக் குளத்தில் விடுவார். நாள் முழுக்கத் தண்ணீர் மேலேயே இருக்கிற மனுஷர் என்பதால் குளத்தில் ஒரு புதுக் குருவி வந்து இறங்கினாலும் அவருக்குத் தெரியும். பங்குனியில் ஒரு நாள் காலை பொடக்காளி வேலிப் படலுக்கு வெளியே வந்து நின்றார். கையில் வேரோடு ஒரு செடி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, இது உங்க மதகு மூலையில மெதக்குதுங்க. ஒரு கட்டில் அகலந்தான் இருக்குது. பாலக்காட்டுப் பக்கம் இதக் குளவாழைம்பாங்க. அங்க ஒரு குளத்தயே மூடிப்போட்டுதுங்க, நான் கண்ணுல பாத்தேன். இப்பவே எடுத்துப்போட்டா அரை நாள் வேலை. மதகுப் பக்கம் நானாக் கை வெச்சா ஊருல தப்பாப் பேசுவாங்க. பண்ணாடிகிட்டச் சொல்லி ரெண்டு ஆள் உடச் சொல்லுங்க, நானும் கூட எறங்கறனுங்க."

படலுக்கு உள்ளே, அவருக்குத் தெரியாத இடத்தில், கல்தொட்டியில் அதே செடி பூத்துக்கொண்டிருந்தது. நான் "அவருகிட்டச் சொல்றேன்" என்றேன். அவர் போனதும் உன் ஆத்தா உள்ளேயிருந்து வந்து, "வாயத் தொறக்காத அம்மணி. எங்கிருந்து வந்துதும்பாங்க. போத்தனூரும்பே. ஒம்பட நாத்துனா பேரும் சேந்து கெடும்" என்றார். அவர் மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அவர் சொல்லாமல் இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். உன் அப்பாவிடம் திட்டு வாங்க வேண்டும், அது ஒன்று. ஒரு பூச்செடி ஒரு குளத்தை என்ன செய்துவிடப்போகிறது, இந்த ஆள் கூலிக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறான் என்றும் நினைத்தேன். அன்றைக்கே தொட்டியிலிருந்ததைப் பிடுங்கி எருக்குழியில் போட்டு மூடினேன். பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். "சொன்னீங்களாம்மணி?" என்று கேட்டார். "சொல்லிப்போட்டேன். பாக்கலாம்னாரு" என்றேன். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

பிறகு நடந்ததில் பாதி உனக்கே தெரியும். ஆடிக் காற்று அதை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டு போனது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பியபோது நிரம்பியது தண்ணீரா செடியா என்று தெரியவில்லை. கரையில் நின்று பார்த்தால் பச்சையாக ஒரு காடு, அதன் மேல் ஊதாப் பூ. வெயில் உள்ளே இறங்காமல் தண்ணீர் கறுத்து நாறியது. மீன் செத்து இலைக்கு நடுவில் வயிறு தெரியக் கிடந்தது. துணி துவைக்க இடமில்லை. எருமை இறங்கி மாட்டிக்கொண்டு கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. கொசு ஈசலைப் போல எழும்பியது. குளிர்காய்ச்சல் போகாத வீடு இல்லை. நீ பத்து நாள் கிடந்தாய், நீ நடுங்குகிற நடுக்கத்தில் கட்டில் கால் தரையில் தட்டும். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தை கடைசியில் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் நாங்கள் மதில் ஓரம். ராக்கியப்பன் நடுவில் நின்றார். யாரோ ஒருத்தர், "மீன்குஞ்சு டின்னுல தண்ணியோடதான வருது? செடியும் அதுலதான் வந்திருக்கோணும்" என்று ஆரம்பித்தார். கேட்கிறவர்களுக்கு அது சரியாகவே பட்டது. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. அவர் சத்தம் போடவில்லை.

"என்ற டின்னுல வந்திருந்தா நானே எதுக்குங்க வந்து சொல்லோணும்? பங்குனியிலயே சொன்னனுங்களே. பண்ணாடி ஊட்டு அம்மணிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் அப்பாவும் திரும்பினார். அவர் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை. நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன். இவ்வளவுதான். பொய்யை நீட்டி முழக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "பொம்பளைங்கள எதுக்கு இதுல இழுக்கறே?" என்று ஒருத்தர் அவரை அதட்டினார். அவர் மறுபடி வாயெடுத்தார், "போதும், நிறுத்து" என்று பெரியவர் கையைக் காட்டினார். குத்தகை போயிற்று. அந்த வாரமே வண்டியில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் வலையைப் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார். குளம் செத்ததில் எல்லாரையும் விட அதிகமாக நஷ்டப்பட்டவர் அவர்தான். அதை அன்றைக்கு ஒருத்தரும் யோசிக்கவில்லை.

குளத்தை எடுக்க இரண்டு கோடை ஆயிற்று. அரிவாளால் பாளம் பாளமாக அறுத்து, வடத்தைக் கட்டி மாடு பூட்டி இழுத்தோம். முதல் வருஷம் இழுத்ததைக் கரையிலேயே குவித்தோம். மழை வந்ததும் அது உருண்டு மறுபடி குளத்துக்கே போய்விட்டது. அடுத்த வருஷம் தூரத்துப் பாறைக்குச் சுமந்து போய்க் காயவைத்துக் கொளுத்தினோம். நானும் சுமந்தேன். பண்ணாடி வீட்டுப் பெண் கூடை தூக்குகிறாளே என்று ஊரே மெச்சியது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன்.

இனி ஒரு முறை இப்படி ஆகக் கூடாது, வெள்ளிக்கிழமை தோறும் யாராவது கரையைச் சுற்றி வர வேண்டும், கூலி கிடையாது, மனசு இருக்கிறவர்கள் வரலாம் என்று பேச்சு வந்தபோது முதலில் எழுந்தவள் நான். அடுத்து தெய்வானை. பிறகு ஏழு பேர் ஆனோம், எல்லாரும் பெண்கள். தினமும் குளத்துக்குப் போகிறவர்கள் நாங்கள்தானே. எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நயா பைசா வந்த புதிது அது. உன் அப்பா கோயமுத்தூர் கணபதிக்கு மோட்டார் ரிப்பேருக்குப் போனவர் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். ஊர்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சீக்கு எப்படி வந்துதுன்னு மொதல்ல எழுதம்மணி, பின்னால வர்றவங்களுக்குத் தெரியோணும்" என்றார். "இந்தச் செடி மீன்குஞ்சு டின்னில் வந்தது. கொண்டுவந்தவர் குத்தகைக்காரர் ராக்கியப்பன்" என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டைத்தான் வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவு உருண்டையான எழுத்து. அந்தப் பக்கத்திலும் எழுத்து கோணவில்லை. நீயே அதைப் பார்த்துத்தான் உருட்டி எழுதப் பழகினாய். உனக்கு அதில் சந்தேகம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எழுத்து அழகாக இருந்தால் சொன்னதும் சரியாக இருக்கும் என்று நினைக்கிற புத்தி நம் எல்லாருக்கும் இருக்கிறது. அதை விட்டுவிடு.

குளம் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தாய், அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பித்தளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நடுத்துறையில் இறக்கு, எத்தனை முழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று எழுது. இது தெய்வானை கண்டுபிடித்த வழி. பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு நழுவி முங்கியதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். முழம் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீருக்கு ஏதோ ஆகிறது என்று அர்த்தம். வெயிலேறுவதற்கு முன்னால் போ. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைக்கே ஊருக்குச் சொல்லு. எருமை குடிக்கிறதா என்று பார். வாய்க்கால் வாயை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார், புதிதாக எது வந்தாலும் அந்த வழியாகத்தான் வரும். இல்லாவிட்டால் மனுஷன் கையில் வரும். ஒற்றைச் செடி தெரிந்தாலும் வேரோடு எடு, தண்டு அறுந்து ஒரு துண்டு தண்ணீரில் விழுந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். குளம் வற்றினால் செடி ஒழிந்தது என்று நினைக்காதே. விதை சேற்றுக்குள் வருஷக் கணக்கில் படுத்திருக்கும், அடுத்த தண்ணீருக்கு எழுந்துகொள்ளும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. யாரோ சொன்னதை எழுதினால் யார் சொன்னது என்றும் எழுது. முதல் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்துக்கு ஈடு கட்டத்தான் மற்றதையெல்லாம் அவ்வளவு கறாராக எழுதினேனோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று, நானும் தெய்வானையும்தான் சுற்றப் போனோம். அவளுக்கு எழுத்து வராது. உன் கடிதம் வந்தது என்று சொன்னதும் வாசிக்கச் சொன்னாள். அவளிடம் எனக்குக் கடைசிப் பத்தியை விட மனசு வரவில்லை, முழுவதும் வாசித்தேன். அன்றைக்கு மூன்று பேராகப் படித்துறையில் நின்றது அவளுக்கு மறந்திருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கயிற்றை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"நோட்டக் குடுத்தனுப்பப் போறீங்களாக்கா?"

"கேக்கறானல்ல."

"மொதப் பக்கத்துல என்னங்க எழுதியிருக்குது? நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்பப் படிங்க."

படித்தேன். தட்டு எப்போதோ மறைந்துவிட்டது, அவள் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளையாரு பரிசலேறிப் போனத எழுதலீங்களா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"கூடையத் தூக்குனவளுக்குத் தெரியாதுங்களா? அடுத்த வருசம் குளத்துல பூத்தப்பவே தெரியும். எங்கூட்டுக்காரரு உங்க தோட்டத்துல பண்ணையம். நான் என்ன சொல்லட்டும்? சொன்னா அடுத்த வண்டி எங்களுதாத்தான் இருந்திருக்கும்." கயிற்றைச் சுருட்டினாள். "ரெண்டாவது வருசம் நீங்க கூட வந்து செடி சொமந்தீங்க பாருங்க, அப்ப நெனச்சேன், இந்தம்மா எப்பிடியும் ஒரு நாள் சொல்லிப்போடும்னு. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமையா இன்னிக்குச் சொல்லுவீங்க, அடுத்த வாரம் சொல்லுவீங்கன்னுதான் கூட நடந்தேன். நீங்க எத்தன முழம்னு மட்டுந்தான் சொன்னீங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "இப்ப என்ன பண்ணச் சொல்றே?" என்று அதட்டினேன்.

"என்னைய எதுக்குங்க வெரட்டறீங்க? எழுதுங்க. எம் பேரையும் சேத்து எழுதுங்க, கூடை தூக்குனவ தெய்வானைன்னு. ஆனா மொதப் பேரு உங்களுதுங்க. அதுல நான் பங்குக்கு வரமாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கரை மேலேயே உட்கார்ந்து எழுதினேன். பழைய வரியைக் கிழிக்கவில்லை, மையால் அழிக்கவும் இல்லை. பொய் சொன்னது தெரிய வேண்டும் என்று ஒரே கோடாக அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன். செடியைக் கொண்டுவந்தது யார், எந்த நாளில் எப்படிக் குளத்தில் விட்டது, முதலில் பார்த்துச் சொன்னவர் யார், அவர் சொன்னதை மறைத்தது யார், ஊர் முன்னால் பொய் சொன்னது யார். எழுத்து முன்னைப் போல இல்லை. சாயங்காலம் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி, "செத்துப்போனவரு பேரக் கெடுக்கறீங்களேக்கா" என்றாள், உன் அப்பாவைச் சொன்னாள். அவருக்குத் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் கேட்கவில்லை. கேட்காததற்கு என்ன அர்த்தம் என்று மூன்று வருஷமாக, அவர் இல்லாத வீட்டில், நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. உனக்கு நான் சொல்கிற புத்தி இதுதான். உன் சம்சாரத்திடம் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடு.

நோட்டைக் கொடுத்தனுப்பவில்லை, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். தெய்வானையும் வருகிறாள். அமாவாசைக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் பல்லடம் வழியாக வந்துவிடுவோம். ராக்கியப்பனுக்கு இப்போதே ஆள் அனுப்பி, கூட்டத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லு. என்னுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தெரியாமல் வந்து என்னைப் பார்த்தால் அவர் பாட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம், அவர் மேல் தப்பில்லை. என் பெயரைக் கேட்டபிறகும் வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். அவர் வராவிட்டாலும் நான் ஊர் முன்னால் வாசிக்கத்தான் போகிறேன்.

குத்தகையை அவருக்குக் கொடு என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் ஊர்க் குளம், ஊர் முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள். நீங்கள் பதினோரு பேர் வாரத்துக்கு ஒரு நாள் சுற்றுகிறீர்கள். கட்டில் அகலம் இருக்கும்போதே அந்தச் செடியை அடையாளம் கண்டு, வேரோடு கையில் எடுத்துக்கொண்டு, படலுக்கு இரண்டு முறை வந்து சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான். அப்படிப்பட்ட ஒருவர் தினமும் தண்ணீர் மேல் இருப்பது உங்கள் குளத்துக்கு நல்லதா கெட்டதா என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

நான் வாசிக்கும்போது நீ என் பக்கத்தில் வந்து நிற்காதே. "வயசானவங்க, விடுங்க" என்று யாரிடமும் எனக்காகப் பேசாதே. யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும், தடுக்காதே. நான் வாசித்து முடித்ததும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். நீ எழுந்து அவர்களை அடக்கு. அடக்கிவிட்டு ராக்கியப்பனைப் பேசச் சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவர் முடிக்கும் வரைக்கும் யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா